முறையிடும் மகளுக்குச் செவிகொடுப்போம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பிக்கின்றேன்.

 

புளத்கொகுபிட்டியவின் காலைப் பொழுதை நீங்கள் நன்கறிவீர்கள். இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே பனி விலகுமுன்னரே வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் பஸ் தரிப்பிடத்தில் வந்து நிற்கின்றனர். தோட்டத்து லயன் அறைகளிலிருந்து வரும் பிள்ளை, கடைவீதியிலிருந்து வரும் பிள்ளை, முக்காடணிந்த எங்கள் வீட்டுப் பிள்ளை என எல்லோரும் ஒரே பஸ்ஸுக்காகக் காத்திருக்கின்றனர். ஆறாம் வகுப்பில் அப்படி நின்ற பிள்ளைகளைப் பதினோராம் வகுப்பில் மீண்டும் எண்ணிப் பாருங்கள். சில முகங்களைக் காணமாட்டீர்கள். ஆண் பிள்ளைகள் சிலர் புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்குச் சென்றிருப்பர். பெண் பிள்ளைகள் சிலர் வீட்டு அடுப்படிக்குத் திரும்பியிருப்பர்.

அப்படி வீட்டுக்குத் திரும்பிய ஒரு மகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. உங்கள் மனக்கண்ணில் அவளை நீங்களே நிறுத்திக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் கற்கின்றாள். கணிதத்தில் கெட்டிக்காரி. ஒருநாள் பாடசாலையில், மரியாதைக்குரிய இடத்திலிருக்கும் ஒருவர் அவளிடம் சொல்லத்தகாத வார்த்தையைச் சொல்லிவிடுகின்றார். அவள் இரண்டு நாட்கள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு உம்மாவிடம் அழுதபடி சொல்கின்றாள். உம்மா வாப்பாவிடம் சொல்கின்றார். வாப்பா நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நாளையிலிருந்து மகள் பாடசாலைக்குப் போகத் தேவையில்லை. ஊருக்குத் தெரிந்தால் எங்கள் மானம் போய்விடும்" என்கின்றார்.

திங்கட்கிழமை காலை பாடசாலை மணி அடிக்கின்றது. தகாத வார்த்தை சொன்னவர் வழமைபோல் பாடசாலைக்கு வருகின்றார். அவ்வார்த்தையைக் கேட்க நேர்ந்த பிள்ளை மட்டும் வீட்டிலிருக்கின்றாள்.

சகோதரர்களே! இங்கே குற்றவாளி யார்? தண்டிக்கப்பட்டது யார்? ஒருவரின் பாவச்சுமையை மற்றொருவர் தோளில் ஏற்றக்கூடாதென்பது எமது மார்க்கத்தின் அடிப்படை நியதி. அவ்வாறிருக்க, வேறொருவர் செய்த தவறின் சுமையை எமது மகளின் தோளில் எங்கள் கைகளாலேயே ஏற்றி வைக்கின்றோமே, இது எவ்வகை நீதி? மகளைப் பாதுகாப்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அவளுடைய உரிமையைப் பறித்து, தவறு செய்தவருக்கு நிம்மதியைப் பரிசளிக்கின்றோம். அடுத்த வருடம் அதே வகுப்பறையில் இன்னொருவருடைய மகள் அமர்வாள் என்பதையும் மறந்துவிடுகின்றோம்.

முறையிட்ட பெண்ணும் அவளைக் கேட்ட அல்லாஹ்வும்

முறைப்பாடு செய்வது பெண்ணுக்கு அழகல்ல என்று நம்மில் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து மார்க்கத்தில் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. திருக்குர்ஆனின் 58 ஆவது அத்தியாயத்தின் பெயரே 'அல் முஜாதலா' ஆகும். தர்க்கித்தல் என்பது அதன் பொருள். தர்க்கித்தவர் கவ்லா பின்த் ஸஃலபா என்னும் சாதாரண குடும்பப் பெண்மணி. அறியாமைக் கால வழக்கப்படி கணவர் சொன்ன ஒரு சொல்லினால், அவர் மனைவியாகவும் வாழ முடியாமல், விடுதலையும் பெற முடியாமல் நடுவிலே நிறுத்தப்பட்டார். அவர் வீட்டு மூலையில் அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. நேரே நபி (ஸல்) அவர்களிடம் வந்து வாதிட்டார். அதே வீட்டிலிருந்த அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுக்குக்கூட அப்பெண்மணியின் பேச்சில் சில பகுதிகள் காதில் விழவில்லை. ஆனால் ஏழு வானங்களுக்கு அப்பாலிருந்து அல்லாஹ் அதனைச் செவியுற்றான். அநீதியான அந்த வழக்கத்தைக் கண்டித்து வசனங்களை இறக்கினான்.

ஒரு பெண்ணின் முறைப்பாட்டை அல்லாஹ்வே கேட்டிருக்கின்றான். அப்படியிருக்க, எமது மகள் வாய் திறக்கும்போது "சும்மா இரு" என்று சொல்வதற்கு நாம் யார்?

கற்கும் வாய்ப்பைக் கேட்டுப் பெறுவதற்கும் முன்மாதிரி உண்டு. மதீனத்துப் பெண்கள் நபியவர்களிடம் வந்து, உங்களுடைய நேரத்தையெல்லாம் ஆண்களே எடுத்துக்கொள்கின்றனர், எங்களுக்கெனவும் ஒரு நாளைத் தாருங்கள் எனக் கேட்டனர். நபியவர்கள் கோபிக்கவில்லை. ஒரு நாளைக் குறித்துக்கொடுத்து, அந்நாளில் சென்று அவர்களுக்குக் கற்பித்தார்கள். ஆண்களுக்குக் கிடைப்பது எங்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று நாகரிகமாக எழுந்த அக்கோரிக்கை அன்று அங்கீகரிக்கப்பட்டது.

பெற்றோருக்கும் ஒரு படிப்பினை இருக்கின்றது. நுஃமான் பின் பஷீர் (ரழி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்பொன்றை வழங்கி, அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்க விரும்பினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என நபியவர்கள் வினவினார்கள். இல்லையென்றதும், பிள்ளைகளிடையே நீதமாக நடந்துகொள்ளுமாறு கூறி, சாட்சியாக நிற்க மறுத்துவிட்டார்கள். மகனைக் கேகாலைக்குப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அதே வயதில் அதே திறமையோடு இருக்கும் மகளுக்குப் பஸ் காசில்லை என்று சொல்லும் வாப்பாமாரே, இந்த வரலாற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

முன்னோர் திறந்த கதவு

இது மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்கன்று. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838-1898) சட்டத்தரணியாகவும் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையின் ஆசிரியராகவும் விளங்கியவர். இந்நாட்டு முஸ்லிம்கள் நவீன கல்வியை அச்சத்தோடு நோக்கிய காலத்தில் அவர் அதற்காகப் போராடினார். 1892 இல் கொழும்பில் ஸாஹிரா உருவாவதற்கு உழைத்த அதே காலத்தில், 1891 இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கெனப் பாடசாலையொன்றை ஆரம்பித்து, தமது சகோதரியையே அதன் பொறுப்பில் அமர்த்தினார். ஏச்சும் பேச்சும் வருமென்பதை அறிந்தும் தம் வீட்டுப் பெண்ணையே முன்னிறுத்தினார் என்பதைக் கவனியுங்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1946 இல் சேர் ராஸிக் பரீத் அவர்களின் முயற்சியால் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி எழுந்தது.

அதற்கு முந்திய வருடம், 1945 ஒக்டோபர் முதலாம் திகதி, கல்வி அமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அது ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும் பிரித்துத் தரப்படவில்லை. ஆயினும் அத்திட்டத்தின் வெளிச்சம் மலைச்சரிவுகளை எட்டுவதற்கு நெடுங்காலம் சென்றது. தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசின் கைக்கு வரத் தொடங்கின. ஆகவே, இப்பிரதேசத்தில் ஒரு மகள் இன்று அரச பாடசாலையின் வாங்கில் அமர்ந்திருக்கின்றாள் என்றால், அந்த இடம் பலருடைய உழைப்பினால் கிடைத்தது. அது எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கின்றது?

நாட்டின் சட்டம் எமக்குத் தந்துள்ள பாதுகாப்பை நாம் அறிந்துவைத்திருத்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்கா 1972 இல், அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்ற அடிப்படையில் எவரையும் ஒதுக்கலாகாது எனத் தனியான சட்டமொன்றை இயற்றியது. எமது நாட்டில் பாடசாலைகளுக்கென அவ்வாறான தனிச் சட்டம் இல்லை. ஆனால் அதனினும் உயர்ந்த இடத்தில், அரசியலமைப்பிலேயே இப்பாதுகாப்பு எழுதப்பட்டுள்ளது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமமென்கின்றது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறப்பிடம் போன்ற காரணங்களால் எப்பிரசைக்கும் பாகுபாடு காட்டக்கூடாதென அது தடுக்கின்றது. இவ்வரிசையில் 'பால்' என்ற சொல்லும் 'மதம்' என்ற சொல்லும் இருப்பதைக் கவனியுங்கள். எமது மகள் பெண் என்பதற்காகவும் முஸ்லிம் என்பதற்காகவும் இரு பக்கங்களிலிருந்தும் அவளுக்கு இடர் வரலாம். இரு பக்கங்களிலும் அரசியலமைப்பு அவளுக்குத் துணை நிற்கின்றது. அரச பாடசாலையின் அதிபரும் ஆசிரியரும் அரசின் சார்பில் செயற்படுபவர்கள். எனவே அவர்கள் இந்த உறுப்புரைக்குக் கட்டுப்பட்டவர்கள்.

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் முன்னேற்றம் தரும் விசேட ஏற்பாடுகளை இதே உறுப்புரை அனுமதிக்கின்றது. ஆகவே, பெண்களுக்கெனத் தனிப் பாடசாலை இருப்பதைப் பாகுபாடென்று எண்ணி எவரும் குழம்ப வேண்டியதில்லை. தனித்திருத்தல் வேறு, தாழ்த்தப்படுதல் வேறு. பெண்கள் பாடசாலை இருப்பதில் குறையில்லை. அங்கே ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாமல், ஆண்கள் பாடசாலையில் மட்டும் இருந்தால் அதுவே குறை.

பெண்களுக்கெதிரான சகல பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான சர்வதேச சமவாயத்தை இலங்கை 1981 இலும், சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991 இலும் ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது. 5 வயது முதல் 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்டிருந்த பாடசாலைக் கல்வி 2016 இல் 16 வயது வரை நீடிக்கப்பட்டது. எனவே பதினான்கு வயது மகளை வீட்டில் நிறுத்துவதும், பதினைந்து வயது மகனைக் கடைக்கு அனுப்புவதும் வாப்பாவின் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியங்களல்ல. திருமணப் பேச்சு வந்துவிட்டதென்பதும் அதற்குக் காரணமாகாது.

பாலியல் தொந்தரவு 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின் மூலம், 345 ஆம் பிரிவின் கீழ், ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமாக்கப்பட்டுள்ளது. உடலைத் தீண்டினால் மட்டுமன்றி, சொல்லாலும் செயலாலும் தொந்தரவு செய்வதும் இதில் அடங்கும். நான் முதலில் சொன்ன மகளுக்கு நடந்தது பேசி மறக்கும் சிறு சம்பவமன்று. அது சட்டப்படி குற்றம்.

பாகுபாடு எப்படி வருகின்றது?

பாகுபாடு பெரும்பாலும் "பெண்ணே, உனக்கு இடமில்லை" என்று பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை. அன்றாட வழக்கமாகவே வந்து சேர்கின்றது.

பாடத் தெரிவின்போது, மாணவியரை எதுவும் கேளாமலே மனைப் பொருளியலுக்கும், மாணவரை எதுவும் கேளாமலே தொழினுட்பப் பாடத்துக்கும் அனுப்பிவிடுவார்கள். கணினி அறையில் விசைப்பலகை ஆண் பிள்ளைகளின் கையிலிருக்கும். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்ப்பார்கள். பெண் வகுப்பைக் கூட்டுவாள், ஆண் தலைவனாவான். கணக்குப் பிழைத்தால் மகனிடம் "இன்னும் முயற்சி செய்" என்பவர், மகளிடம் "உனக்கேன் கணிதம்? நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள் தானே" என்பார். இப்படியொரு சொல்லை வருடம் முழுவதும் கேட்கும் பிள்ளை, உயர் தரத்தில் விஞ்ஞானப் பிரிவைத் தெரிவு செய்யத் துணிவாளா?

கதவு பூட்டப்பட்ட, தண்ணீர் வராத மலசலகூடமும் பாகுபாடுதான். அது எல்லோருக்கும் அசௌகரியம். ஆனால் வளர்ந்த மாணவிக்கு அது மாதந்தோறும் சில நாட்களின் பாடத்தையே பறிக்கின்றது. பின்தங்கிய பாடசாலைகளின் மாணவியர் சுகாதார அணையாடை வாங்குவதற்கு வவுச்சர் வழங்கும் திட்டமொன்றை அரசு 2024 இல் ஆரம்பித்தமை இவ்வுண்மையை உணர்ந்ததனாலேயே ஆகும். இதைப்பற்றிப் பேச நாம் வெட்கப்பட்டோமானால், எமது வெட்கத்துக்கான விலையைப் பிள்ளை கொடுக்கின்றாள்.

தூரமும் ஒரு தடைதான். தமிழ் மொழி மூலம் உயர் தர விஞ்ஞானம் கற்க வேறு நகருக்குப் பயணம் செய்யவேண்டுமென்றால், மகன் பஸ் ஏறுவான். மகளின் கல்வி அங்கேயே முடிந்துவிடும். இதற்குத் தீர்வு மகளை நிறுத்துவதன்று. நான்கு குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளை ஒன்றாக அனுப்பலாம். 'சிசு செரிய' பாடசாலைப் பஸ் சேவையை எமது பாதைக்கும் தருமாறு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் கோரலாம்.

ஆண் பிள்ளைகளுக்கும் அநீதி நடக்கின்றது. "ஆண் தானே, தாங்குவான்" என்று அடிப்பதும், அழுதால் ஏளனம் செய்வதும், அவனுக்கு நேரும் பாலியல் துன்பத்தை நம்ப மறுப்பதும் அதே பாகுபாட்டின் மறுபக்கங்கள். நீதி இரு பாலாருக்கும் உரியது.

திருகோணமலையில் நடந்தது

2024 ஜனவரியில் நடைபெற்ற க.பொ.த. உயர் தரப் பரீட்சையின் பெறுபேறுகள் அவ்வருடம் மே மாத இறுதியில் வெளியாகின. நாடெங்கும் வீடுகளில் மகிழ்ச்சி. திருகோணமலை ஸாஹிராக் கல்லூரியில் பரீட்சை எழுதிய 70 முஸ்லிம் மாணவியரின் வீடுகளில் மட்டும் கண்ணீர். அவர்களது பெறுபேறுகள் இடைநிறுத்தப்பட்டிருந்தன. பரீட்சை மண்டபத்தில் காதுகளை மறைத்திருந்தனர் என்பதே சொல்லப்பட்ட காரணம். காதுகள் தெரியக்கூடிய மெல்லிய துணியையே தாம் அணிந்திருந்ததாக மாணவியர் தரப்பில் கூறப்பட்டது.

நாம் நீதமாகச் சிந்திப்போம். காதினுள் வைக்கும் சிறு கருவிகளால் மோசடி நடக்கக்கூடிய காலமிது. பரிசோதிப்பது பரீட்சை அதிகாரிகளின் கடமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு பெண் உத்தியோகத்தர் மண்டபத்தின் வாசலிலேயே ஓரிரு நிமிடங்களில் செய்து முடிக்கக்கூடிய பரிசோதனை அது. அதற்குப் பதிலாக, பரீட்சை முடிந்து மாதங்கள் கடந்த பின்னர், பதின்மூன்று வருடக் கல்வியின் பலனைத் தடுத்துவைப்பது எவ்வகையில் பொருந்தும்? ஒரு விதி எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றலாம். அதன் பாரம் முழுவதும் ஒரு சமயத்தைச் சேர்ந்த பெண் பிள்ளைகள் மீது மட்டுமே விழுமானால், அதனை நடைமுறைப்படுத்தும் விதத்தைச் சீர்திருத்தியே ஆகவேண்டும்.

அம்மாணவியரும் பெற்றோரும் "எங்கள் தலைவிதி" என்று இருந்துவிடவில்லை. முறையிட்டனர். பாடசாலைச் சமூகமும் மக்கள் பிரதிநிதிகளும் அவர்களுக்காகப் பேசினர். விடயம் நாடறியப் பேசப்பட்டது. பின்னர் பெறுபேறுகள் வெளியிடப்பட்டன. அவர்கள் கல்லெறியவில்லை, பிற சமூகத்தாரை ஏசவுமில்லை. ஒன்றாக நின்று, முறைப்படி, காலந்தாழ்த்தாமல் கேட்டனர். எமக்கான பாடம் இதுவே.

எம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியொன்றும் உண்டு. முக்காட்டுக்காக ஒரு மகள் தடுக்கப்பட்டால் ஊரே திரண்டு எழுகின்றோம். அதே மகள் தகாத வார்த்தைக்கு ஆளானால் ஏன் வாயடைத்துப் போகின்றோம்? அவளை வாப்பாவே பாடசாலையிலிருந்து நிறுத்தினால் ஏன் எவரும் கேட்பதில்லை? பிறர் செய்யும் அநீதி மட்டும்தான் அநீதியா? 2021 முதல் ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் மூடப்பட்டுள்ளன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவுகளும் அடைக்கப்பட்டபோது, அது ஷரீஆவுக்கு முரணானதென அல் அஸ்ஹரின் பேரிமாம் அஹ்மத் அத்தையிப் அவர்கள் பகிரங்கமாக அறிவித்தார்கள். தம்மவர் செய்தாலும் அநீதியை அநீதியென்றே சொல்வதுதான் மார்க்கத்தின் நேர்மை.

என்ன செய்யவேண்டும்?

பெற்றோர்களே, இப்பகுதியைச் சற்றுக் கவனமாக வாசியுங்கள்.

முதலாவதாக, பிள்ளையை நம்புங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சொன்னது நல்லது மகள். இது உன் பிழையல்ல" என்று ஆரம்பியுங்கள்.

இரண்டாவதாக, எழுதிவையுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், என்ன சொல்லப்பட்டது, அருகில் யார் இருந்தார் என்பவற்றை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள். நினைவு மங்கும், எழுத்து நிற்கும்.

மூன்றாவதாக, அதிபருக்கு எழுத்து மூலம் அறிவியுங்கள். திகதியிட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பயனில்லையென்றால், அல்லது முறைப்பாடே அதிபர் பற்றியதென்றால், வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேகாலை மாவட்டத்தில் அலுவலகங்கள் சிங்களத்தில் இயங்குகின்றனவே என்று தயங்கவேண்டாம். அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதும் உரிமையையும் அரசியலமைப்பே தருகின்றது.

நான்காவதாக, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளையே அழைக்கலாம். பெண்களுக்கான உதவிச் சேவையின் இலக்கம் 1938. குற்றச் செயலாயின் பொலிஸாரிடம் செல்லத் தயங்காதீர்கள்.

ஐந்தாவதாக, நாட்காட்டியைப் பாருங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால், 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுவதற்குச் சட்டம் தரும் அவகாசம் ஒரு மாதம் மட்டுமே. எமது வழக்கமோ வேறு. முதல் வாரம் அழுகையில் கழியும். இரண்டாம் வாரம் "பெரியவர்கள் பேசுவார்கள்" என்று கழியும். மூன்றாம் வாரம் பாடசாலை விடுமுறை வரும். நான்காம் வாரம் யாரோ ஒருவர் "விட்டுவிடுங்கள்" என்பார். அத்தோடு மாதம் முடிந்துவிடும், பெரிய கதவும் அடைபட்டுவிடும். கொழும்புக்குச் சென்று வழக்காட வசதியில்லாதவர்கள், அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யலாம். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, அவ்வாறு செய்தால் அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வசதி குறைந்தோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கின்றது.

இந்தக் கதவுகள் சாதாரண மக்களுக்குத் திறக்குமா என்று சிலர் ஐயுறலாம். ஆசிரியர் அறைந்ததனால் செவியில் பாதிப்படைந்த ஒரு மாணவனின் குடும்பம் உயர் நீதிமன்றத்தை நாடியது. 2021 பெப்ரவரியில் நீதிமன்றம், அது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறிய செயலெனத் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்குமாறு கட்டளையிட்டது. பெருந்தலைவரின் வீட்டுப் பிள்ளைக்காகவன்று, சாதாரண பாடசாலை மாணவன் ஒருவனுக்காகவே அக்கதவு திறந்தது.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். பழிவாங்கவும், பகை தீர்க்கவும், பொய்யாக எவர்மீதும் குற்றஞ்சாட்டக்கூடாது. அவதூறு பெரும் பாவம். பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே எண்ணி மலைப்பாதை ஏறிவந்து கற்பிக்கும் நல்லாசிரியர்கள் எம்மிடையே நிறைய இருக்கின்றனர். அவர்களின் கண்ணியமும் எமது முறைப்பாடு உண்மையாக இருப்பதிலேயே தங்கியுள்ளது.

இளைஞர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்

இளைஞர்களே! பஸ் தரிப்பிடத்தில் நின்று மாணவியரைப் பார்த்து நீங்கள் சொல்லும் 'பகிடி' ஒரு வீட்டில் ஒரு கல்வியை முடித்துவைக்கலாம். உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்காக ஒருத்தி வைத்தியராகவோ ஆசிரியையாகவோ வருவது தடைப்பட்டால், அதற்கு மறுமையில் நீங்கள் என்ன பதில் வைத்திருக்கின்றீர்கள்? நண்பன் அவ்வாறு பேசும்போது சிரிக்காமல் "நிறுத்து" என்று சொல்லுங்கள். உங்கள் தங்கை பயமின்றிப் பாடசாலை செல்வது அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கின்றது.

மாணவியரே! உங்களுக்கு நேர்ந்த அநீதியை மறைப்பது பொறுமையல்ல. பொறுமை என்பது நீதி கிடைக்கும்வரை தளராமல் நிற்பது. உம்மாவிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடம் சொல்லுங்கள். கவ்லா (ரழி) அவர்களுக்கு வெட்கமாக இல்லாதது உங்களுக்கும் வெட்கமில்லை.

பள்ளிவாசல் நிருவாக சபையினரே! ஒவ்வொரு வருடமும் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகள் யாரென ஒரு பட்டியல் எடுங்கள். ஆண், பெண் இரு பாலாரையும் எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் சென்று காரணத்தைக் கேளுங்கள். வறுமையென்றால் ஸகாத் நிதி இருக்கின்றது. தூரமென்றால் பஸ் வசதி தேடலாம். அநீதியென்றால் முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கத் தமிழும் சிங்களமும் அறிந்த ஒருவரை நியமியுங்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை வந்து உதவி கேட்டால் அவளுக்கும் அதே கொப்பியில் எழுதிக்கொடுங்கள். நீதிக்கு மதமில்லை.

சகோதரர்களே! அந்தத் திங்கட்கிழமைக் காலையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். பஸ் வருகின்றது. வாப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தரிப்பிடத்தில் நிற்கின்றார். அவரது சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு கடிதம் இருக்கின்றது. மகள் வகுப்பறைக்குச் செல்கின்றாள். வாப்பா அதிபரின் அறைக்குச் செல்கின்றார். எமது ஊரில் நடக்கவேண்டிய மாற்றம் இவ்வளவுதான்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும் உள்ளத்தை எமக்குத் தருவாயாக. அநீதிக்குள்ளானவர்களின் குரலைக் கேட்கும் செவிகளை எமக்குத் தருவாயாக. எமது புதல்வியரையும் புதல்வர்களையும் பயனுள்ள கல்வி பெற்றவர்களாக ஆக்கியருள்வாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.